அரசு அலுவலகம் எங்கே இருக்க வேண்டும்? குமரி மாவட்டத்தார் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குமரி மாவட்டத்தில் வருவாய்த் துறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். வட்டாட்சியர் அலுவலகம், கோட்ட அலுவலகம், மாவட்ட ஆட்சியர் அலுவலகம் எனப் பல இடங்களில் இருந்திருக்கிறேன். இரண்டு முறை ஓர் அலுவலகத்தையே மூட்டை கட்டி வேறு கட்டடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறேன். ஓய்வுக்குப் பிறகு உறவினர்களும் அக்கம்பக்கத்தாரும் என்னிடம் பட்டாவைப் பற்றிக் கேட்பதைவிட, "அந்த ஆபீஸ் இப்ப எங்க இருக்கு?", "ஏன் அங்க கொண்டு வச்சாங்க?" என்றுதான் அதிகம் கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

கேள்வி: மாவட்டத்தின் பெயர் கன்னியாகுமரி. ஆட்சியர் அலுவலகம் மட்டும் ஏன் நாகர்கோவிலில் இருக்கிறது?

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்திலிருந்து பிரிந்து அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்து இந்த மாவட்டம் உருவானது. பெயர் முக்கடல் கூடும் முனையிலிருந்து வந்தது. ஆனால் ஒரு மாவட்டத் தலைநகருக்கு வேண்டிய நீதிமன்றமும் சந்தையும் சாலைகளும் நாகர்கோவிலில் முன்பே இருந்தன. இரண்டு ஊர்களுக்கும் இடையே ஏறக்குறைய 20 கிலோமீட்டர். வெளிமாவட்டத்திலிருந்து மாறுதலில் வருபவர்கள் கன்னியாகுமரி ரயில் நிலையத்தில் இறங்கி, ஆட்சியர் அலுவலகத்துக்கு வழி கேட்டதை நானே பார்த்திருக்கிறேன்.

அந்த நவம்பர் 1 இன்னொன்றையும் மாற்றியது. அதுவரை மேலிடம் என்றால் திருவனந்தபுரம். காலையில் புறப்பட்டுப் போய், மனுவைக் கொடுத்துவிட்டு, மாலையில் வீடு திரும்பிவிடலாம். அதன் பிறகு மேலிடம் ஏறக்குறைய 700 கிலோமீட்டருக்கு அப்பால் சென்னைக்குப் போய்விட்டது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2004 ஜூலையில் திறக்கப்படும் வரை, ஒரு ரிட் மனுவுக்கும் இங்குள்ளவர்கள் இரவு முழுதும் பயணம் செய்ய வேண்டியிருந்தது. தமிழோடு இணைந்ததில் நமக்கு வருத்தம் இல்லை. அதற்காக உயிர் கொடுத்தவர்கள் இந்த மண்ணில் இருக்கிறார்கள். ஆனால் தலைநகரம் இவ்வளவு தொலைவில் இருக்கும் மாவட்டத்தில், மாவட்ட, வட்ட அலுவலகங்கள் எங்கே எப்படி அமைகின்றன என்பதற்கு மற்ற மாவட்டங்களைவிடக் கூடுதல் கவனம் வேண்டும் என்பதே என் எண்ணம்.

கேள்வி: நான் எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்பதே புரியவில்லை. எப்படித் தெரிந்துகொள்வது?

குழப்பம் உங்களுடைய தவறு அல்ல. மாவட்டத்தில் நாகர்கோவில், பத்மநாபபுரம் என இரண்டு வருவாய்க் கோட்டங்கள் உள்ளன. தொடக்கத்தில் இருந்த நான்கு வட்டங்களோடு, பிற்பாடு கல்குளம், விளவங்கோடு பகுதிகளைப் பிரித்துத் திருவட்டாறு, கிள்ளியூர் வட்டங்கள் ஏற்படுத்தப்பட்டன. வட்டத்தின் பெயரும் அலுவலகம் இருக்கும் ஊரும் பல இடங்களில் வேறு வேறு. அகஸ்தீஸ்வரம் வட்டாட்சியர் அலுவலகம் நாகர்கோவிலிலும், தோவாளை வட்டத்தினுடையது பூதப்பாண்டியிலும், கல்குளத்தினுடையது தக்கலையிலும், விளவங்கோட்டினுடையது குழித்துறையிலும் இருக்கின்றன. தோவாளைப் பூச்சந்தைக்குப் பக்கத்தில் வட்டாட்சியர் அலுவலகத்தைத் தேடி அலைந்தவர்கள் ஒருவர் இருவர் அல்லர்.

இதற்கு மேல் ஒன்பது ஊராட்சி ஒன்றியங்கள், சார்பதிவாளர் அலுவலகங்கள், மின்வாரியப் பிரிவுகள், காவல் நிலையங்கள் என ஒவ்வொன்றுக்கும் தனி எல்லை உண்டு. ஒன்றின் எல்லை மற்றொன்றோடு பொருந்தாது. ஒரே தெருவில் எதிரெதிர் வீட்டுக்காரர்கள் இரண்டு சார்பதிவாளர் அலுவலகங்களுக்குப் போவதும் உண்டு. நிலம் தொடர்பான வேலை என்றால், கரம் (நிலவரி) கட்டிய ரசீதைக் கையில் எடுத்துக்கொண்டு முதலில் உங்கள் கிராம நிர்வாக அலுவலரிடம் போங்கள். அவருக்கு எல்லாப் பக்கத்து எல்லைகளும் தெரியும்.

கேள்வி: ஓர் அலுவலகம் எந்தக் கட்டடத்தில் இயங்குவது என்பதை யார் முடிவு செய்கிறார்கள்?

ஒருவராக முடிவு செய்வதில்லை, சிக்கலே அதுதான். இடம் வேண்டும் என்று கேட்பது அந்தந்தத் துறை. நிலத்தைக் கண்டுபிடித்துக் கொடுப்பது வருவாய்த் துறை. மதிப்பீடு போட்டுக் கட்டுவதும் பின்னர் பராமரிப்பதும் பொதுப்பணித் துறையின் கட்டடப் பிரிவு. பணம் ஒதுக்குவது சென்னையில் உள்ள தலைமைச் செயலகம். மாவட்ட அளவில் இவர்களை ஒரே மேசையில் உட்கார வைக்கக்கூடியவர் மாவட்ட ஆட்சியர் ஒருவரே.

இதன் விளைவு அன்றாட வேலையில் தெரியும். அலுவலகத் தலைவரிடம் சில்லறைச் செலவினத்துக்கென்று ஒரு சிறு தொகைதான் இருக்கும். குழாய்த் திருகு உடைந்தால் அதில் மாற்றிவிடலாம். ஆனால் மேற்கூரை ஒழுகினால் பொதுப்பணித் துறைக்குக் கடிதம், அவர்கள் பார்வையிடல், மதிப்பீடு, ஒப்புதல், ஒப்பந்தப்புள்ளி என்று போக வேண்டும். அதற்குள் தென்மேற்குப் பருவமழை முடிந்து வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். இரண்டு பருவமழையும் நிறையப் பெய்யும் மாவட்டம் இது. மற்ற மாவட்டத்துக்காரர்களுக்கு ஒழுகலைச் சரிசெய்ய நீண்ட வறண்ட காலம் ஒன்று கிடைக்கும், நமக்கு அது மிகக் குறைவு.

கேள்வி: அரசு ஏன் தனியார் கட்டடத்தில் வாடகைக்கு இருக்கிறது? வாடகையை யார் நிர்ணயிக்கிறார்கள்?

புதிதாக ஓர் அலுவலகம் உருவாக்கப்படும்போது அரசாணையும் ஊழியர்களும் முதலில் வந்துவிடுகிறார்கள். கட்டடம் வர ஆண்டுகள் ஆகின்றன. இடைக்காலத்தில் வாடகைக் கட்டடத்தைத் தவிர வழியில்லை. அதற்கும் முறை உண்டு. அருகில் காலியாக அரசுக் கட்டடம் எதுவும் இல்லை என்ற சான்றும், கேட்கப்படும் வாடகை நியாயமானது என்ற பொதுப்பணித் துறையின் சான்றும் வேண்டும். கட்டடத்தின் பரப்பு, வயது, கட்டுமானத் தரம், நிலத்தின் மதிப்பு ஆகியவற்றைக் கணக்கிட்டு அந்த வாடகை வரும். 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் குடியிருப்புக்கு மொத்த மதிப்பில் ஆண்டுக்கு 9 சதவீதம், குடியிருப்பல்லாத கட்டடத்துக்கு 12 சதவீதம் என்று நியாய வாடகை வகுக்கப்பட்டிருந்தது. 2019 பிப்ரவரியில் புதிய வாடகைச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு அந்தச் சட்டம் இல்லை. ஆனாலும் கட்டட மதிப்பிலிருந்து வாடகையை வருவிக்கும் அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவர்கள் நாங்கள்.

இந்தக் கணக்கு நேர்மையானதுதான். ஆனால் கடைவீதியில் கிடைக்கும் வாடகையைவிட இது பெரும்பாலும் குறைவாக இருக்கும். அதனால் பேருந்து நிறுத்தத்தை ஒட்டிய தரைத்தளத்தைக் கட்டட உரிமையாளர் துணிக்கடைக்கோ வங்கிக்கோ கொடுத்துவிடுவார். அரசுக்குக் கிடைப்பது மாடி.

கேள்வி: மாடியில் அலுவலகம் இருந்தால் என்ன குறை?

நான் பணியாற்றிய ஓர் அலுவலகம் அப்படித்தான் வாடகைக் கட்டடத்தின் முதல் மாடியில் இருந்தது. வெளிப்பக்கமாக இரும்புப் படிக்கட்டு, மழையில் வழுக்கும். ஒரு நாள் முற்பகல் கீழே இறங்கினபோது, கடைசிப் படியில் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். மடியில் மஞ்சள் பை. அதில் முதியோர் ஓய்வூதிய மனுவும், நெகிழித் தாளில் சுற்றிய குடும்ப அட்டையும். "மேல ஏற முடியல்ல மக்களே, முட்டு நோவுது. அதான் யாராவது கீழ வருவாங்கன்னு இருக்கேன்" என்றார். காலை ஒன்பது மணியிலிருந்து இருந்திருக்கிறார். நான் இறங்கியது பதினொன்றரை மணிக்கு, அதுவும் சாயா குடிக்க. மனுவை வாங்கிக்கொண்டு மேலே போய்ப் பதிவு செய்து, ரசீதைக் கொண்டுவந்து கொடுத்தேன். அதில் எனக்குப் பெருமை எதுவும் இல்லை. முந்தைய நாட்களில் அதே படியில் எத்தனை பேர் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பிப் போனார்களோ என்ற எண்ணம் இன்றும் என்னை விடுவதில்லை.

அந்த அலுவலகத்துக்கு இடம் பார்த்தபோது ஊழியர்கள் எத்தனை பேர், மேசை எத்தனை, அலமாரி எத்தனை என்று கணக்கெடுத்தோம். நாள் ஒன்றுக்கு எத்தனை பேர் மனுவோடு வருவார்கள், அவர்களில் எத்தனை பேர் முதியவர்கள், அவர்கள் எங்கே உட்காருவார்கள் என்று யாரும் கணக்கெடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. வருவாய், சமூகப் பாதுகாப்பு, பதிவுத் துறை போன்ற அலுவலகங்களின் தேவையை ஊழியர் எண்ணிக்கையால் மட்டும் அளந்தால் அந்த அளவு பிழைதான். அங்கே வருகிறவர்களையும் சேர்த்தே அளக்க வேண்டும்.

கேள்வி: மாற்றுத்திறனாளிகளுக்குச் சாய்தளம் அமைக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறதா?

இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களையெல்லாம் விதிகள் வெளியான நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் அவர்கள் அணுகும்படி மாற்ற வேண்டும் என்கிறது. விதிகள் 2017 ஜூனில் வெளியாயின. அந்தக் கெடு 2022 ஜூனில் முடிந்துவிட்டது. சாய்தளம் இருக்கிறது என்பதோடு நின்றுவிடாமல், அது ஏறத்தக்க சரிவில் இருக்கிறதா, அதன் மேல் இருசக்கர வாகனங்கள் நிறுத்தப்பட்டிருக்கின்றனவா, மேலே ஏறிய பின் கதவு போதிய அகலம் உள்ளதா என்று பார்க்க வேண்டும். செங்குத்தாகக் கட்டப்பட்ட சாய்தளத்தில் சக்கர நாற்காலியைத் தள்ள இரண்டு ஆட்கள் வேண்டியிருக்கும், அப்படிப்பட்டவை பல உள்ளன.

கேள்வி: எல்லா அலுவலகங்களையும் ஒரே வளாகத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டால் அலைச்சல் தீராதா?

இதைத்தான் மிகப் பலர் கேட்கிறார்கள். பதில் அலுவலகத்துக்கு அலுவலகம் மாறும் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

ஒருங்கிணைந்த வளாகத்தால் உண்மையான பயன் உண்டு. ஒரு சான்றிதழுக்காக வட்டாட்சியர் அலுவலகம், கருவூலம், சார்பதிவாளர் அலுவலகம் என மூன்று திசையில் ஆட்டோ பிடிப்பவர், ஒரே வளாகத்தில் நடந்தே முடித்துவிடுவார். கழிப்பறை, குடிநீர், மின்னாக்கி, இ–சேவை மையம் ஆகியவற்றை எல்லா அலுவலகங்களும் பகிர்ந்துகொள்ளலாம். இரவுக் காவலர் ஒருவர் போதும். துறைகளுக்கு இடையே கோப்பு போவதற்கு ஒரு வாரம் என்பது ஒரு மணி நேரமாகக் குறையும்.

ஆனால் அத்தகைய வளாகத்துக்குப் பெரிய நிலம் வேண்டும். பெரிய நிலம் ஊருக்கு வெளியேதான் கிடைக்கும். அங்கே பேருந்து நிற்காது. நாகர்கோவிலில் வடசேரியிலோ அண்ணா பேருந்து நிலையத்திலோ இறங்கி நடந்து போகக்கூடிய அலுவலகத்தை நான்கு கிலோமீட்டர் தள்ளி மாற்றினால், ஊழியர்களுக்குப் பெரிய வேறுபாடு இல்லை. அவர்களிடம் இருசக்கர வாகனம் உண்டு. கடையாலிலிருந்தோ பேச்சிப்பாறை மலைப்பகுதியிலிருந்தோ இரண்டு பேருந்து மாறி வருகிறவருக்கு அது மூன்றாவது பேருந்து. அன்றைய கூலியும் போய், ஆட்டோவுக்கும் கொடுக்க வேண்டும்.

இன்னொன்றையும் மறந்துவிடுகிறோம். ஓர் அலுவலகத்தைச் சுற்றி முத்திரைத்தாள் விற்பவர், பத்திர எழுத்தர், நகல் எடுக்கும் கடை, மனு எழுதித் தருபவர், சாயாக்கடை என ஒரு சிறு உலகமே இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு அலுவலகத்தின் கதவு அவர்கள்தான். அலுவலகம் ஓர் இரவில் இடம் மாறிவிடும், அவர்கள் மாற ஆறு மாதம் ஆகும். அந்த ஆறு மாதமும் மக்கள் திண்டாடுவார்கள்.

எந்த அலுவலகம் எங்கே இருக்க வேண்டும் என்பதை அதன் வேலைதான் முடிவு செய்ய வேண்டும். இதற்கு நல்ல சான்று நம் மாவட்டத்திலேயே உண்டு. 1984இல் தொடங்கப்பட்ட அரசு ரப்பர் கழகத்தின் தலைமை அலுவலகம் சென்னையில் இல்லை, நாகர்கோவிலில் இருக்கிறது. ரப்பர் மரங்களும் பால் வடிக்கும் தொழிலாளர்களும் இந்த மலையடிவாரத்தில் இருக்கும்போது, தலைமை அலுவலகம் வேறெங்கு இருக்க முடியும்? அதுபோல மீன்வளத் துறையின் அலுவலர் குளச்சலுக்கும் சின்னமுட்டத்துக்கும் அருகில் இருக்க வேண்டும். தோட்டக்கலைக்காரர் தோவாளையையும் திருவட்டாற்றையும் எட்டும் தொலைவில் இருக்க வேண்டும். கணக்கு, தணிக்கை போன்று பொதுமக்கள் நேரில் அதிகம் வராத அலுவலகங்களை ஊருக்கு வெளியே பெரிய வளாகத்தில் வைப்பதில் தவறே இல்லை. நாம் பல வேளைகளில் இதைத் தலைகீழாகச் செய்கிறோம்.

கேள்வி: புதிய கட்டடத்துக்கு நிலம் கிடைப்பது இவ்வளவு கடினமா?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கே ஒரு சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர். மாவட்டப் பரப்பில் ஏறக்குறைய 30 சதவீதம் காடு. மீதியில் வயல், தென்னை, ரப்பர், வீடு, கடற்கரை. அரசுப் புறம்போக்கு என்று ஏட்டில் இருப்பவற்றில் பெரும்பகுதி குளமும் கால்வாயும்தான். நீர்நிலையில் கட்டக்கூடாது என்று உயர் நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. அரசுக் கட்டடம் என்பதற்காக விதிவிலக்குக் கேட்பதும் சரியல்ல. மழைநீர் தன் இடத்தைத் தேடி வரும்போது முதலில் நனைவது அலுவலகத்தின் கீழ் அடுக்குக் கோப்புகள்.

அதனால் ஒரு துறையிடம் பயன்படாமல் கிடக்கும் நிலத்தை இன்னொரு துறைக்கு மாற்றுவதே நடைமுறை வழி. இதற்கு நிலமாற்றம் என்று பெயர். கொடுக்கும் துறையின் தடையின்மைச் சான்று வர வேண்டும், அது வருவதில்தான் காலம் போகும். பாழடைந்த ஊழியர் குடியிருப்பு, மூடப்பட்ட கிடங்கு, கூரை விழுந்த பயணியர் மாளிகை எதுவானாலும் எந்தத் துறையும் தன் இடத்தை எளிதில் விட்டுக்கொடுக்காது. எல்லாத் துறைகளின் கட்டடங்களையும் காலி நிலங்களையும் ஒரே பதிவேட்டில் கொண்டுவந்து, ஆண்டுக்கு ஒருமுறை நேரில் பார்த்து, பயன்படாதவற்றை ஆட்சியர் மறுஒதுக்கீடு செய்யலாம் என்று ஆக்கினால், வாடகைக்குக் கொடுக்கும் பணத்தில் பெரும் பங்கு மிச்சமாகும் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: திருவிதாங்கூர் காலத்து ஓட்டுக் கட்டடங்களை இடித்துவிட்டுக் கான்கிரீட் கட்டுவது நல்லதுதானே?

ஒவ்வொன்றையும் பொறியாளர் பார்த்துச் சொல்ல வேண்டும். கறையான் தின்ற உத்தரத்தின் கீழ் ஊழியரை உட்கார வைக்க முடியாது. ஆனால் பழையது என்பதாலேயே இடிக்க நான் உடன்பட மாட்டேன். கனத்த சுவர், உயர்ந்த கூரை, மழைநீர் நிற்காத சரிவு, சுற்றிலும் தாழ்வாரம் ஆகிய எல்லாம் இந்த ஊர் மழைக்கும் புழுக்கத்துக்கும் ஏற்றவை. அந்தத் தாழ்வாரம்தான் மனுதாரரின் காத்திருப்பு அறையாக இருந்தது. புதிய கட்டடங்களில் அறைகள் பெருகின, தாழ்வாரம் போய்விட்டது. மக்கள் வேப்பமரத்தடியில் நிற்கிறார்கள். வாகன நிறுத்தத்துக்காக மரத்தையும் வெட்டிவிட்டால் வெயிலில் நிற்கிறார்கள்.

பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போகிறவர்கள் அங்குள்ள மந்திரசாலையைக் கவனித்துப் பாருங்கள். மன்னர் அமைச்சர்களோடு கூடிப் பேசிய அறை அது, அந்த வகையில் நம் மாவட்டத்தில் நிலைத்து நிற்கும் மிகப் பழைய அரசு ஆலோசனைக் கூடம். சன்னல்களில் பதித்த வண்ண மைக்காத் தகடுகள் வெளிச்சத்தை மட்டுப்படுத்தி, வெப்பத்தையும் தூசியையும் வெளியே நிறுத்துகின்றன. மின்விசிறி இல்லாமலே அது குளிர்ந்திருக்கிறது. இடம் தமிழ்நாட்டில் இருந்தாலும், 1956 பிரிவினைக்குப் பிறகும் அரண்மனை கேரள அரசின் பொறுப்பிலேயே தொடர்கிறது. கேரளத் தொல்லியல் துறையின் ஊழியர்கள் தமிழ்நாட்டு மண்ணில் பணிபுரியும் அலுவலகம் அது.

கேள்வி: கிராம நிர்வாக அலுவலர் அந்தக் கிராமத்திலேயே குடியிருக்க வேண்டுமா?

ஆம். பொறுப்பு வகிக்கும் கிராமத்திலேயே தங்க வேண்டும் என்பது பணி விதி.

நடைமுறையில் ஏன் தளர்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். பல ஊர்களில் அலுவலகம் இருக்கிறது, குடியிருப்பு இல்லை. ஓர் அறை, ஒரு மேசை, ஓர் அலமாரி. பெண் அலுவலருக்குக் கழிப்பறையும் இல்லாத இடங்களை நான் பார்த்திருக்கிறேன். பிள்ளைகளின் படிப்புக்காக நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ குடியிருந்துகொண்டு போய் வருகிறார்கள். விதியைக் காட்டிக் கண்டிப்பதோடு, அலுவலகத்துக்கு மேலேயே சிறு குடியிருப்பையும் சேர்த்துக் கட்டினால் விதி தானாகவே நடக்கும்.

நம் மாவட்டத்துக்கே உரிய ஒரு சங்கடமும் உண்டு. நெல்லைப் பக்கம் ஊர் என்றால் வீடுகள் நெருக்கமாக இருக்கும், நடுவில் கோயிலோ சாவடியோ இருக்கும், அலுவலகத்தை அங்கே வைத்துவிடலாம். இங்கே ஒவ்வொரு விளையிலும் (தோட்டத்திலும்) ஒரு வீடு. ஊருக்கு நடு என்று ஒன்றைக் காட்ட முடியாது. அதனால் அலுவலகம் பேருந்து நிற்கும் ஜங்ஷனில் இருப்பதே நல்லது. கிராமத்தின் வரைபட நடுவில் இருக்க வேண்டும் என்று அளந்து, வழியில்லாத இடத்தில் கட்டிய கட்டடம் பூட்டியே கிடக்கும்.

கேள்வி: அலுவலகங்களில் பாதி இடத்தைப் பழைய தாள்களே அடைத்துக்கொண்டிருக்கின்றன. எரித்துவிட்டால் என்ன?

எரிக்க வேண்டியதை எரிக்க முறை இருக்கிறது. ஒவ்வொரு கோப்பும் முடியும்போதே அதன் ஆயுள் எழுதப்பட்டுவிடும். எல்.டிஸ். என்றால் ஓராண்டு, கே.டிஸ். என்றால் மூன்றாண்டு, டி.டிஸ். என்றால் பத்தாண்டு, ஆர்.டிஸ். என்றால் நிரந்தரம். பத்தாண்டுக் கோப்பை முப்பது ஆண்டு வைத்திருப்பதற்குக் காரணம், பட்டியலிட்டு ஒப்புதல் பெற்று அழிக்கும் வேலைக்கு ஆள் ஒதுக்காததே. ஓர் அலுவலகத்தில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து இரண்டு மாதம் அந்த வேலையைச் செய்தோம். முடிந்தபோது ஓர் அறை முழுதும் காலியானது. வாடகைக்கு எடுக்க இருந்த கூடுதல் அறை தேவைப்படவில்லை.

ஆனால் நிரந்தரப் பதிவேடுகள் வேறு. திருவிதாங்கூர்க் காலத்து நிலப் பதிவுகள் மலையாளத்தில் உள்ளன. துணி அட்டை கட்டிய அந்தக் கனத்த ஏட்டைத் திறந்தால், விரல் பட்ட ஓரம் பொடிந்து உதிரும். கடற்காற்றின் ஈரமும் பூச்சியும் செய்த வேலை. ஓர் எல்லைத் தகராறில் இரண்டு குடும்பங்களின் உரிமை அந்த ஒரு பக்கத்தில் இருக்கலாம். அதை மலையாளம் படிக்கத் தெரிந்த ஊழியரால்தான் எடுத்துத் தர முடியும், அப்படிப்பட்டவர்கள் ஆண்டுதோறும் ஓய்வு பெற்றுக்கொண்டிருக்கிறார்கள். பதிவறையை மாடிப்படிக்கு அடியிலோ கழிப்பறைச் சுவரை ஒட்டியோ வைப்பது பெரும் தவறு. கட்டடத்தில் மிக உலர்ந்த, காற்றோட்டமுள்ள அறை எதுவோ அதையே பதிவறையாக்க வேண்டும். பெரும்பாலும் அந்த அறை அலுவலகத் தலைவருக்குப் போய்விடுகிறது.

கேள்வி: எல்லாம் கணினிமயமாகிவிட்டது. ஊழியர்கள் வீட்டிலிருந்தே வேலை செய்யலாமே?

சில வேலைகளைச் செய்யலாம். இ–ஆபீஸ் முறையில் கோப்பு திரையில் நகர்கிறது. பட்டா நகலையும் வில்லங்கச் சான்றையும் இணையத்தில் எடுக்க முடிகிறது. இதனால் அலுவலகத்துக்கு வருவோர் கூட்டம் ஓரளவு குறைந்திருக்கிறது என்பது உண்மை. 2020 மே மாதத்தில், பெருந்தொற்றின்போது, பாதி ஊழியர்கள் ஒரு முறையும் மீதிப் பாதியினர் மறுமுறையுமாகச் சனிக்கிழமையும் சேர்த்துச் சுழற்சியில் வந்தோம். கணக்கு வேலை நின்றுவிடவில்லை. நின்றது நில அளவை, இடப் பார்வை, நேர்விசாரணை.

வருவாய்த் துறை ஊழியரின் உண்மையான பணியிடம் மேசையோ வீடோ அல்ல, தகராறு உள்ள அந்த நிலம்தான். அளவைச் சங்கிலியைப் பிடிக்கிறவர் திரையில் அளக்க முடியாது. ஆகவே வீட்டிலிருந்து வேலை என்பதைவிட, வாரத்தில் குறிப்பிட்ட நாட்களில் ஊழியர்கள் ஊர்களுக்குப் போய் உட்காருவதே நமக்கு ஏற்றது. ஆட்சியர் மாதம் ஒருமுறை ஒரு வட்டத்தில் தங்கிக் களஆய்வு செய்யும் "உங்களைத் தேடி, உங்கள் ஊரில்" திட்டம் 2024 ஜனவரியில் தொடங்கப்பட்டது. அந்த வழக்கம் வட்டாட்சியருக்கும் வருவாய் ஆய்வாளருக்கும் வாரந்தோறும் உரியதாக வேண்டும்.

கேள்வி: புயல், வெள்ளக் காலங்களில் இந்தக் கட்டடங்களுக்கு என்ன பங்கு?

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது இங்கே மரங்களும் மின்கம்பங்களும் விழுந்து பல ஊர்கள் நாட்கணக்கில் இருளில் கிடந்தன. கடலுக்குப் போன உறவினரைத் தேடிக் கடற்கரை மக்கள் அலுவலக வாசல்களில் இரவும் பகலும் நின்றார்கள். அந்த நேரத்தில் ஓர் அலுவலகத்துக்குத் தேவைப்பட்டவை மின்னாக்கி, டீசல், தொலைபேசி, வரைபடம், நூறு பேர் உட்காரக்கூடிய ஒரு கூடம். பல இடங்களில் கூடமே இல்லை. வட்டாட்சியர் அலுவலகம் கட்டும்போது, வெள்ளம் ஏறாத மேட்டில், தரைத்தளத்தில் ஒரு பெரிய கூடத்தோடு கட்ட வேண்டும். மற்ற நாட்களில் அதுவே மனுதாரர் காத்திருக்கும் இடமாகும்.

கேள்வி: எங்கள் ஊர் அலுவலகத்தை வசதியற்ற இடத்துக்கு மாற்றப்போவதாகச் சொல்கிறார்கள். நான் என்ன செய்யலாம்?

மாற்றம் நடப்பதற்கு முன்பே பேச வேண்டும். வாடகை ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு போராடிப் பெரும்பாலும் பயனில்லை. திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் எழுத்து மூலம் மனு கொடுத்து, மனு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். "மாற்றக்கூடாது" என்று மட்டும் எழுதாமல், புதிய இடத்துக்கு எந்தப் பேருந்து எத்தனை முறை போகிறது, நிறுத்தத்திலிருந்து எவ்வளவு நடக்க வேண்டும், தரைத்தளமா மாடியா, கழிப்பறை உண்டா என்று நேரில் பார்த்து எழுதுங்கள். அப்படி எழுதிய மனுவை எந்த அலுவலரும் எளிதில் ஒதுக்க முடியாது; நான் அந்த நாற்காலியில் இருந்தவன் என்பதால் சொல்கிறேன்.

2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, 10 ரூபாய் கட்டணத்தோடு அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பிக்கலாம். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். "ஏன் மாற்றுகிறீர்கள்?" என்று கேட்டால் விளக்கம் தரத் தேவையில்லை என்று பதில் வந்துவிடும். ஆவணமாகக் கேளுங்கள்: அருகில் அரசுக் கட்டடம் இல்லை என்று தரப்பட்ட சான்றின் நகல், பொதுப்பணித் துறையின் வாடகைச் சான்றின் நகல், வாடகை ஒப்பந்தத்தின் நகல், கட்டடத்தின் தளப் படம். தளப் படம் கையில் கிடைத்ததும் முதலில் படிக்கட்டு எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.